கோபத்தை மட்டும் எடுத்துவிட்டு

மாநகராட்சியின் மக்கள் சேனலில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். குழாயில் சாக்கடை வருகிறது, பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை என்று செல்வராணி அங்கே கத்திவிட்டு வந்தாள். திரையிலோ அவள் சிரித்தபடி தண்ணீருக்கு நன்றி சொன்னாள். மறுநாள் தெருவுக்கு வழக்கமாக வரும் தண்ணீர் லாரியும் வரவில்லை.

"நீதானேடி டிவில இளிச்சே?" என்றாள் எதிர்வீட்டு அஞ்சுகம், காலிக் குடத்தோடு.

செல்வராணி குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு மறுபடியும் சேனலுக்குப் போனாள்.

"பேச்சுல இருக்கற கோபத்த மட்டும் எடுத்துருவோம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்," என்றார் சேனல் அதிகாரி.

"அப்ப தண்ணில இருக்கறதையும் எடுங்க சார். இல்லேன்னா இதக் குடிங்க."

அவரைக் கேமரா முன்னால் இழுத்து நிறுத்திப் பாட்டிலை நீட்டினாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தெருவின் எல்லாத் திரைகளிலும் அவர் அதை ரசித்துக் குடித்தார்.

"அந்தத் தண்ணிய எவன்டி குடிப்பான்?" என்று அஞ்சுகம் குடத்தைத் திரைமேல் வீசினாள்.