பெயர்கள் மட்டும் நகர்ந்த பட்டியல்

சின்னக் காஞ்சிபுரத்து டி.டி.பி. கடையில் அடையாள அட்டைகள் பிரிண்டரிலிருந்து வெதுவெதுப்பாக விழுகின்றன. ஒன்றில், அங்கே வேலை பார்க்கும் சிம்ரனின் தம்பி ஜோசுவாவின் பெயர், அதன்கீழ் ஏ பாசிடிவ். அவன் ரத்தம் ஓ நெகடிவ். காலையில் பட்டியலில் பெயர்களை மட்டும் அகர வரிசையாக்கியது அவள்தான். ரத்த வகைகள் நகரவே இல்லை. கணினியில் தானாக ஓடும் மேக்ரோ நிரல் அதையே வரி வரியாக எடுத்து அட்டைகளில் பொருத்திக்கொண்டிருக்கிறது. "இன்னாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்கிறாள் கடைக்கார அக்கா. "ஒருத்தரோட ரத்தம் இன்னொருத்தர் பேர்ல ஏறிக்கினு இருக்குதுக்கா." வாசலில், ஏற்கெனவே அச்சான முந்நூறு அட்டைகளோடு பள்ளிக்கூட வேன் உறுமுகிறது, நகர்கிறது. சிம்ரன் வெயிலில் ஓடிக் குறுக்கே நிற்கிறாள். டயர் கிறீச்சிடுகிறது. "வூட்ல சொல்லிட்டு வந்தியாமா?" என்று டிரைவர் கத்துகிறார். "அட்டையெல்லாம் இறக்குங்கண்ணா," அவள் குரல் உடைகிறது, "நான்தாண்ணா தப்பா போட்டேன்."