ஒரு புள்ளி

வெள்ளிக் கிரகத்தின் ரேடார் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் எழுபத்தைந்து மீட்டர். அதன் கரடுமுரடைப் புரிந்துகொள்ள, பூமியில் உறைந்துபோன எரிமலைக் குழம்பின்மேல் கயிறு கட்டி, சாண் சாணாக உயரம் அளந்துகொண்டிருந்தார்கள் ஆய்வாளர் செங்கமலமும், மற்றவர்கள் ஊர் திரும்பிய பின் அவள் குழுவில் மிஞ்சிய இன்பராஜும். பத்தொன்பதாம் நாள், சரிபார்க்க முதல் நாள் அளந்த வரிசைக்குத் திரும்பினார்கள். எல்லா எண்ணும் குறைந்திருந்தது.

“அன்னிக்குத் தப்பாப் படிச்சிட்டீங்களா?”

“இல்ல மேடம். நாம நடந்து நடந்து முனையெல்லாம் ஒடஞ்சு போச்சு.” கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “வெள்ளியில யாரும் நடக்கலையே.”

அவள் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். நொறுங்கிய முனைகளின் கறுப்புத் தூள் கொட்டிக் குவிந்தது. பழக்கத்தில் அவன் அதன் பக்கத்தில் அளவுகோலை நட்டுக் குனிந்தான்.

“ஒண்ணரை சென்டி, மேடம்.”

அவள் எழுதிக்கொண்டாள்.