காலிப் படங்கள்

படத்தில் இருந்தது அவள் வீட்டுக்காரரேதான். தலையில் விறகுக்கட்டு, குவிந்த உதட்டில் விசில். மரத்தில் கேமரா கட்டியிருப்பது அந்த மனுஷனுக்கு எங்கே தெரியும்?

காட்டுக் கேமரா படங்களைப் பிரிக்க, திரையில் மூன்று பொத்தான்கள். மிருகம், மனிதன், காலி.

ஆபீஸே 'கழுகுக்கண்ணு' என்று கூப்பிடுகிற அவள், அந்தக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு 'காலி'யை அமுக்கினாள்.

'மனிதன்' என்று போட்டால்? ஆள் போகத் தடை போட்டு மூடிய காட்டுக்குள் கால் வைத்தவனுக்கு, அவர் வேலை பார்க்கிற மரக்கிடங்கில் இடம் கிடையாது. மறுநாளே சீட்டுக் கிழியும்.

அது போன வாரம்.

இந்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நூற்று மூன்று டிகிரி. இன்று காலை டாக்டர் கேட்டார்.

"காட்டுக்குள்ள போனாராம்மா?"

"ஐயையோ, அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டார் டாக்டர்!"

"அப்படின்னா குரங்குக் காய்ச்சலா இருக்காது. போயிருந்தா வைத்தியமே வேற. சரி, வேற டெஸ்ட் பார்ப்போம்."

அந்த 'வேற', ஆபீஸ் வரை அவள் கூடவே வந்தது.

ஆபீஸில் அதிகாரி, அதாவது விறைப்பு சார், சுவர் வரைபடத்தைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் காலருக்குக்கூட மடங்கத் தெரியாது.

"புது ரோட்டுக்கு மேல்காட்டை வெட்டினாங்க. குரங்கெல்லாம் பெட்டி படுக்கையோட கீழே இறங்கிடுச்சு. உண்ணியையும் கூட்டிட்டு வந்துடுச்சு. அந்த உண்ணி மனுஷனைக் கடிச்சாக் காய்ச்சல். இது வரைக்கும் புரியுதா?"

ஐந்து தலைகள் ஆடின.

"எந்தத் தெருவுல இருந்து மனுஷன் காட்டுக்குள்ள போறானோ, அந்தத் தெருவுக்கு முதல்ல தடுப்பூசி. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு தெருவுல இருந்து போற காட்டுப் பாதையிலயும் கேமரா. நாம குடியிருக்கிற கிழக்குத் தெருவுல இருந்து ஒரு ஈ காக்கா போகலையாம்! ஆனா அங்கே ஒன்பது பேர் காய்ச்சல்ல படுத்திருக்காங்க. உண்ணி என்ன, பஸ் பிடிச்சு வந்து கடிச்சுட்டுப் போச்சா?"

யாரும் சிரிக்கவில்லை.

"தடுப்பூசி வேன் எங்கே சார் போகுது?" என்று கேட்டாள் அவள்.

"பன்னிரண்டு மணிக்கு மேற்குத் தெருவுக்குக் கிளம்புது. வரைபடம் என்ன சொல்லுதோ அதுதான்."

மணி பதினொன்றே முக்கால். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர் கொண்டுவந்த அதே விறகின் மேல் ஏறி உட்கார்ந்து விளையாடுகிற பிள்ளைகள்.

கழுகுக்கண்ணு போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"டாக்டர், காலையில நான் சொன்னது பொய். அவர் காட்டுக்குப் போனார். விறகுக்கு. ஆமா, நானே படத்துல பார்த்தேன்."

போனை வைத்தாள். "சார், நான்தான் காலின்னு போட்டேன்."

விறைப்பு சாருக்கு நெற்றி நரம்பு எழுந்து நின்றது.

"புத்தி இருக்காம்மா உனக்கு? சொந்தம் பந்தம்னு பார்த்தா இந்த ஆபீஸ் எதுக்கு? இப்படிப்பட்டவங்களை வேலையை விட்டே தூக்கணும்! திற அந்தக் காலிப் படத்தையெல்லாம்!"

திறந்தாள்.

ஊரே அதில் நடந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரியின் அண்ணன், கோடரியோடு. தட்டச்சரின் அப்பா, ஆட்டோடு. டீ கொண்டு வருகிறவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. நூற்றுச் சொச்சம் காலிப் படங்கள். ஒன்றுகூடக் காலியில்லை.

மற்ற நான்கு பேரும் தரையில் எதையோ தேடினார்கள்.

"அடப்பாவிகளா! ஒருத்தராவது ஒழுங்கா..." என்று ஆரம்பித்தவர், கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டார். காளான் கூடையோடு ஒரு பெரியம்மா, கேமராவையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு சார்? நாங்க யாரும் பிரிக்கலையே?" என்றாள் கழுகுக்கண்ணு.

விறைப்பு சார் மெதுவாக உட்கார்ந்தார்.

"வேனைக் கிழக்கே திருப்பச் சொல்லும்மா. அப்படியே அந்தம்மாவையும் 'மனிதன்'னு மாத்திடு. என் மாமியார். 'காலி'ன்னு போட்டது நான்தான்."