கோட்டுக்கு வெளியே மாமியார்

"அக்கா, இந்த ஓரத்துல நிக்கிற அம்மாவை மட்டும் வெட்டிடுங்க."

டாக்ஸிக்காரர் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"கையை எடுங்க தம்பி, ரேகை விழுது. யாரு இவங்க?"

"என் மாமியார்."

ஸ்டிக்கர் கடை அக்காவுக்குச் சுருக்கென்றது. அவளும் ஒரு மாமியார்தான். போன மாதம் அவளுடைய மாப்பிள்ளை தன் போனில் குடும்பப் படம் ஒன்று வைத்திருந்தார். அதில் அக்காவின் இடது தோள் மட்டும் இருந்தது.

டாக்ஸியின் பின்கண்ணாடியில் ஒட்டக் குடும்பப் படம் கேட்டிருந்தார் டிரைவர். அவர் கொடுத்த போட்டோவைப் பார்த்து அக்காவும் வரைந்து முடித்துவிட்டாள். அவர், மனைவி, இரண்டு வாண்டுகள், மாமியார். கண்ணாடியை டேப் வைத்து அளந்து, திரையில் நாலு பக்கமும் நீலக் கலரில் கைடு கோடு போட்டிருந்தாள். கோட்டுக்குள் இருப்பது கண்ணாடிக்குப் போகும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை 'ட்ரிம்' பண்ணினால் காலி.

"எல்லாரும் கோட்டுக்குள்ள லட்சணமா அடங்கியிருக்காங்களே, எதுக்கு வெட்டணும்?"

"வேண்டாம்க்கா."

"இடம் பத்தலையா? உங்க தொப்பையை ட்ரிம் பண்றேன். ரெண்டு மாமியாருக்கு இடம் கிடைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "அந்த ஓரக் கோட்டை உள்ள தள்ளிப் போடுங்க. அவங்க வெளியே போயிடுவாங்கல்ல? அப்படியே வெட்டிடுங்க."

"பொண்ணைக் கொடுத்தவங்க தம்பி!"

"தெரியும்க்கா. வண்டி இங்கயே நிக்கட்டும். காலையில வர்றேன்."

சாவியை மேசையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. 'பெரிய மகாராஜா! சொன்னவுடனே தலையைச் சீவணுமா?' என்று மௌஸைப் பிடித்தாள். கைடு கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. ஓரத்தில் நின்ற மாமியாரை அலாக்காகத் தூக்கிப் பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் வைத்தாள். கொஞ்சம் பெரிதாக்கினாள். படத்திலிருந்த டிரைவரை ஓரத்துக்குத் தள்ளி, தொப்பையில் பாதியை நிஜமாகவே ட்ரிம் பண்ணினாள். பிரிண்ட் எடுத்து, வெட்டி, தானே போய்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தாள். நடுநாயகமாக மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் டிரைவர் வந்தார். பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

கடைக்குள் வந்து மேசையில் கிடந்த பிளேடை எடுத்துக்கொண்டு போய், மாமியாரின் முகத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

அக்கா பதறிக்கொண்டு ஓடினாள்.

"என்னங்க இது அநியாயம்! படத்துல இருந்தா உங்களுக்குச் சோறு இறங்காதா? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் பெத்தவங்க நடுத்தெருவுல நிக்கிறாங்க!"

எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். டிரைவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"இந்த வண்டி ஊரெல்லாம் சுத்துதுக்கா."

"சுத்தட்டுமே! நாலு பேர் பார்த்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"நாலு பேர் பார்க்கலாம். ஒருத்தன் பார்க்கக் கூடாது."

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டை எழுதிக் கொடுன்னு கேட்டு அவங்க கையை உடைச்சவன். அஞ்சு மாசமா எங்க வீட்டுலதான் அவங்களை வச்சுப் பார்த்துக்கிறோம். எங்ககிட்ட இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணி அவனை நம்ப வச்சிருக்கோம். இன்னும் தேடிக்கிட்டுத்தான் திரியறான்."

சட்டென்று அக்காவும் குனிந்து, மிச்சமிருந்த ஸ்டிக்கரை நகத்தாலேயே பிய்க்க ஆரம்பித்தாள்.

"யாரு தம்பி அந்தப் படுபாவி?"

"அவங்க பெத்த மகன்."