தண்டவாளத்தில் ஒரு மரம்

“தண்டவாளத்துல மரத்த வெட்டிப் போட்டது யாரு?” சுபாஷ் கத்தினான்.

“நான்தான்” என்றாள் தங்கை ஜெயசுதா.

“எடுடி. ரயிலு கெளம்பணும். ஜனங்க காத்துக்கினு இருக்காங்க.”

“இருக்கட்டும். என் பங்கு வராம மரம் நகராது.”

“எட்டாவதோட நின்னவளுக்கு இன்னாடி பங்கு?”

இடஒதுக்கீடு கேட்டு, தியாகதுருகம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, அப்போதுதான் கோடாலியோடு வீட்டுக்குள் நுழைந்தார் அப்பா அய்யப்பன். கூச்சல் கேட்டு மேஜையைப் பார்த்தார்.

அட்டையில் செய்த ரயில் பெட்டிகள், மரத்தூள் தூவிய வயல், வயலோரம் நட்ட குச்சி மரங்கள், தீக்குச்சித் தண்டவாளம். அதன் குறுக்கே, இலையோடு ஒரு முருங்கைக் குச்சி. அத்தனையும் ஜெயசுதா வெட்டி ஒட்டியவை. மேலே தொங்கிய அட்டையில், ‘தயாரிப்பு: சுபாஷ்’. வேடிக்கை பார்க்க வாசலில் தெருவே நின்றது.

“நகத்தும்மா” என்றார்.

“நீ போட்ட மரத்த நகத்திட்டியாப்பா?”

“அது நம்ம பங்குக்காகப் போட்டது!”

“இதுவும் அதுக்குத்தான்.”

அப்பா கோடாலியைச் சுவரில் சாத்தினார். “அவ பேரையும் எழுதுடா.”

சுபாஷ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுதினான்: ‘உதவி: ஜெயசுதா.’

ஜெயசுதா வயலோரத்திலிருந்து இன்னொரு மரத்தைப் பிடுங்கித் தண்டவாளத்தில் போட்டாள்.