அராபா நிறுத்திய அழுகை

சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் பையன் அழுத அழுகையில் பேண்டு வாத்தியக்காரர்களே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். "ஐயோ, இனிமே எனக்கு யாரு இருக்கா!" என்று செம்மண்ணில் விழுந்து புரண்டான். செத்துப்போன தலைமையாசிரியரின் சொந்தப் பிள்ளைகள்கூட இப்படி அழவில்லை.

கறுப்பும் சிவப்புமாகத் துக்கத்துணி சுற்றி வந்திருந்த அராபாவுக்கு நெஞ்சு பதறியது. கொஞ்சம் குதூகலமாகவும் இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேப் கோஸ்ட் நகரில் வேலையில்லாத இளைஞர்களுக்கான மனநல மையத்தில் அவள்தான் ஆலோசகர், அவள்தான் பெருக்குகிறவள். 'பைத்தியங்கள் போகிற இடம்' என்று பேராகிவிட்டதால் ஒரு ஈ காக்காகூட அங்கே எட்டிப் பார்க்கவில்லை. தேறி வந்த ஒரே ஒரு ஆளையாவது திங்கட்கிழமைக்குள் மேலிடத்துக்குக் காட்டாவிட்டால் மையத்துக்குப் பூட்டு, அவளுக்கும் வேலை போய்விடும்.

இவனை விட்டால் ஆள் கிடையாது. கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் தரதரவென்று இழுத்துப்போனாள்.

"தம்பி, உன் பேரு என்ன?"

"எக்கோ. விடுங்கக்கா, நான் போகணும்." அவன் கண் பந்தலில் இருந்த ஒரு தடித்த அம்மாள் மேலேயே இருந்தது.

"எங்கயும் போக வேணாம். ஹெட்மாஸ்டர் உனக்கு ரொம்ப நெருக்கமா?"

"எந்த ஹெட்மாஸ்டர்?" என்றவன், "ஓ, அவரா? ஆமாக்கா, ரொம்ப நெருக்கம்" என்றான்.

துக்கத்தில் புத்தி தடுமாறுகிறது என்று அராபா முடிவுகட்டினாள். "என்ன படிச்சிருக்க?"

"கணக்குல டிகிரி. போற இடமெல்லாம் அனுபவம் இருக்கான்னு கேக்கறாங்க. அப்பா என் பேரையே சொல்றதில்ல. 'ஏய் டிகிரி, தண்ணி கொண்டா'ம்பாரு."

இதைச் சொன்னபோது வந்த கண்ணீர் சத்தமே இல்லாமல் வந்தது. அராபாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொன்னாள். "வேலை கிடைக்காததுல உன் தப்பு ஒண்ணுமே இல்ல" என்றாள். இதுவரை யாருமே அவனிடம் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. அவன் முகம் தெளிந்தது. "ஏய் டிகிரி!" என்று அவன் அப்பாவைப்போல அவள் மிரட்டிக் காட்டியதும் அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பந்தலில் கொடுத்த ஒரு பொட்டலம் ஜொலோஃப் தக்காளிச் சோற்றை ரசித்துச் சாப்பிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று அராபா பூரித்துப்போனாள்.

அப்போதுதான் அந்தத் தடித்த அம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "எக்கோ! பெட்டியத் தூக்கப்போறாங்கடா. வந்து அழு!"

எக்கோ ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்தான்; அராபாவும் பின்னாலேயே வந்தாள். முகத்தைக் கோணினான், தோளைக் குலுக்கினான். வந்தது சிரிப்புதான். மொத்தப் பந்தலும் திரும்பிப் பார்த்தது.

"வர மாட்டேங்குதும்மா. மனசு லேசாயிடுச்சு."

"லேசாயிடுச்சா? கூலிக்கு அழ வந்தவனுக்கு மனசு லேசானா நான் எப்படிடா தொழில் பண்றது? புரண்டு அழ நீ ஒருத்தன்தான் இருந்த. போ, இனிமே உனக்கு வேலை இல்ல!"

கூலிக்கு அழுகிறவர்கள் ஊரில் இருப்பது அராபாவுக்குத் தெரியும். இத்தனை நிஜமாக அழுவார்கள் என்று யார் கண்டது? வேலையில் இருந்த ஒருவனைத் தேடிப்பிடித்து, குணமாக்கி, தெருவில் நிறுத்திவிட்டாள். வேலையைப் பறிகொடுத்தவனைத் தேறியவன் என்று மேலிடத்தில் எப்படிக் காட்டுவது?

"பரவால்லக்கா," என்று எக்கோ அவளுக்கு ஆறுதல் சொன்னான். "என் தப்பு ஒண்ணுமே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவ்வளவுதான். திங்கட்கிழமையும் பூட்டும் கண்முன் வந்து நிற்க, அராபா பெட்டியின் மேலேயே சாய்ந்துவிட்டாள். "ஐயோ, எல்லாம் போச்சே!" என்று அவள் போட்ட ஓலத்தில், அதுவரை கண் கலங்காத ஹெட்மாஸ்டரின் மனைவியே அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

தடித்த அம்மாள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து அராபாவின் காதில் கேட்டாள்:

"அடுத்த சனிக்கிழமை எல்மினாவுல ஒரு சாவு இருக்கு. வர்றியா பொண்ணே?"