நடுவில் நிற்பவர்

மாவட்டப் பாரம்பரியக் கண்காட்சி நாளை திறக்கிறது. மண்டபத்துச் சுவரில், ஜன்னல் வெயில் சாய்வாக விழும் இடத்தில், அந்தக் காலத்துச் சந்தைத் திடலின் பெரிய புகைப்படம் தொங்குகிறது. கண்ணாடியின் கீழ்ப்பாதி முழுக்கத் தூசி. கூட்டத்தின் நடுவே முறுக்கு மீசைக்காரர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார், இருபுறமும் காவலர்கள். பார்க்க வந்த பெரியவர் ஒருவர் படத்துக்குப் பக்கத்தில் போய், தலையைத் திருப்பித் தம் மூக்கைக் காட்டுகிறார். "அச்சு அசல் எங்க தாத்தா. ரெண்டு போலீஸ் காவல்னா சும்மாவா?" படத்தின் கீழே வைக்கப் பெயர் அட்டையும் பேனாவுமாக நிற்கும் கண்காட்சிப் பொறுப்பாளர் கொட்டாவியை விழுங்குகிறார். பெரியவரோடு வந்த சம்பந்தி விடுவதாக இல்லை. "மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு சம்பந்தி. அது எங்க வம்சத்து மீசை. எங்க தாத்தா பேரை எழுதுங்க தம்பி." பெரியவருக்குக் காது சிவக்கிறது. மகளைக் கொடுத்த இடம் என்பதற்காகத் தாத்தாவையுமா தூக்கிக் கொடுக்க முடியும்? "கண்ணாடியைத் துடைங்கப்பா! தாத்தா கையில வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு இருக்கும், பாருங்க." பொறுப்பாளர் ஈரத்துணியை ஒரே இழுப்பாக இழுக்கிறார். தூசி விலகிய இடத்தில் கைகள் தெரிகின்றன. இரண்டும் கயிற்றால் கட்டப்பட்டிருக்கின்றன; கயிற்றின் நுனி ஒரு காவலரின் பிடியில். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவரின் தோளில் வெகு அன்பாகக் கை வைக்கிறார். "நமக்குள்ள என்ன போட்டி? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க தாத்தாவாவே இருந்துட்டுப் போகட்டும்."